காசநோய் ஒழிப்பில் அரசாங்கமும் தனியார் மருத்துவமும்

மக்களின் நோயைத் தீர்க்கும் பொறுப்பு அரசாங்கத்துக்கே உரியதா, தனியார் மருத்துவர்களையும் அப்பணியில் சேர்த்துக்கொள்வது தகுமா என்னும் விவாதம் இந்தியாவுக்குப் புதியதன்று. சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையே, முழு நேரச் சம்பளம் பெறும் அரசாங்க மருத்துவர்கள் தனித்தொழில் நடத்தலாகாது என்று பரிந்துரைத்தது. இவ்விவாதத்தின் இரு பக்கங்களையும் எடைபோடக் காசநோயின் வரலாறு பெரிதும் உதவும். உலகிலுள்ள காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கின்றனர்.

காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகும் இயல்புடையது. ஆகையால் சாதாரணக் காசநோய்க்கும் பல மருந்துகளைச் சேர்த்து ஆறு மாதம் உட்கொள்ள வேண்டும். ஆனால் சில வாரங்களிலேயே காய்ச்சல் தணியும், இருமல் குறையும், பசி எடுக்கும். நோய் நீங்கிவிட்டதென்று எண்ணி மருந்தை நிறுத்துவோர் பலர். எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகுகின்றன. அவற்றுள் மருந்துக்குக் கட்டுப்படாதவையும் தோன்றுகின்றன. நோயாளி இருமும்போது அவை பிறரையும் பற்றுகின்றன. எனவே ஒருவருக்குச் செய்யப்படும் சரியான சிகிச்சை அவருடைய அண்டை வீட்டாருக்கும் பாதுகாப்பு ஆகும்.

சென்னையில் 1956-ஆம் ஆண்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளியை வீட்டில் வைத்தே மருந்தளித்துக் குணப்படுத்தலாம் என்று நிறுவியது. இதனை அடிப்படையாகக் கொண்டு, 1962-ஆம் ஆண்டில் தேசியத் திட்டம் தொடங்கப்பெற்றது. அரசாங்க நிலையங்களில் மருந்து இலவசமாகக் கிடைத்தபோதிலும், நோயாளிகளுள் பெரும் பகுதியினர் முதலில் தனியார் மருத்துவரையே நாடினர். மும்பையில் 1991-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, சுமார் நூறு தனியார் மருத்துவர்கள் இந்த ஒரே நோய்க்கு 80 விதமான மருந்து முறைகளை எழுதியதாகக் கண்டறிந்தது. நம்பத்தகாத இரத்தச் சோதனைகளுக்கும் நோயாளிகள் பணம் செலவிட்டு வந்தனர். அச்சோதனைகளை அரசாங்கம் 2012-இல் தடை செய்தது.

இரண்டையும் இணைக்கலாகாது என்போர் கூறும் காரணங்கள் வலுவானவையே. பொதுப் பணம் தனியாரிடம் செல்லின் அரசாங்க நிலையங்கள் நலிவுறும். இலாபம் கருதுவோர் ஆறு மாதம் நோயாளியைப் பின்தொடர மாட்டார்கள் என்பர். இணைக்க வேண்டும் என்போரோ, தனியார் மருத்துவர் வீட்டருகில் இருக்கிறார், வேலை முடிந்து மாலையில் சென்றாலும் பார்க்கிறார், அங்கே செல்லும் நோயாளியைத் திட்டம் புறக்கணித்தால் நோய் பரவுவது நிற்காது என்பர்.

அனுபவம் காட்டிய வழி பின்வருமாறு. காசநோயாளி ஒவ்வொருவரையும் பற்றி அரசாங்கத்துக்கு அறிவித்தல் 2012-ஆம் ஆண்டில் எல்லா மருத்துவர்க்கும் கட்டாயமாக்கப்பட்டது. காசநோய் மருந்துகளை விற்கும் கடைகள் 2014 முதல் தனிப் பதிவேடு வைத்து வருகின்றன. அதே ஆண்டில் பாட்னாவிலும் மும்பையிலும், தனியார் மருத்துவரிடம் செல்லும் நோயாளிகளுக்குச் சீட்டு வழங்கி, மருந்தை இலவசமாகப் பெறச் செய்யும் சோதனை முயற்சி தொடங்கியது. நோயாளியை அறிவிக்கும் தனியார் மருத்துவருக்கு 500 ரூபாயும், சிகிச்சையின் முடிவைத் தெரிவித்தால் மேலும் 500 ரூபாயும் அளிக்கும் ஏற்பாடு 2018-இல் நடைமுறைக்கு வந்தது. தனியார் துறையிலிருந்து 2013-இல் அறிவிக்கப்பட்டோர் 40,000-க்கும் குறைவு. 2023-இலோ அத்தொகை 8 இலட்சத்தைக் கடந்தது. அவ்வாண்டு அறிவிக்கப்பட்டோர் அனைவருள்ளும் இது மூன்றில் ஒரு பங்கு ஆகும்.

எனினும் பதிவேட்டில் பெயர் ஏறுவது வேறு, நோய் குணமாவது வேறு. மருந்து முறையின் தரம், மருந்து வழங்கல், பதிவு, பின்தொடர்தல் ஆகிய நான்கையும் அரசாங்கம் தன் கையில் வைத்திருக்கும் இடத்திலேயே இணைப்பு பயன் தரும். அவற்றைக் கைவிட்டுப் பணத்தை மட்டும் வழங்கினால், எதிர்ப்போர் கூறும் தீங்குகளே விளையும்.

இங்குதான் களப்பணியாளரின் கடமை தொடங்குகிறது. “இவர் தனியாரிடம் பார்ப்பவர், நம் நோயாளி அல்லர்” என்று ஒதுக்குதல் தகாது. அவர் வீட்டுக்கும் சென்று, மருந்து தவறாமல் உட்கொள்ளப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். உடன் வசிப்போரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சத்துணவுக்கான உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தனியாரிடம் சிகிச்சை பெறுவோரும் இதற்கு உரியவர் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் மாணவரையோ பெற்றோரையோ கண்டால் சளிப் பரிசோதனைக்குச் செல்லத் தூண்டலாம். சிகிச்சை பெறும் மாணவரைப் பிற மாணவர்கள் இழிவாக நடத்தாதபடி பார்த்துக்கொள்வதும் அவர்கள் பணியே. நோயை மறைக்க வேண்டிய நிலை ஏற்பட்டால், எந்த மருத்துவரிடம் சென்றவரும் ஆறு மாதச் சிகிச்சையை முடிப்பது அரிது.