போலீஸ் ‘டா’ போட்டா யார்கிட்ட சொல்றது?

நீங்களும் இதைப் பார்த்திருப்பீங்க. ராத்திரி பத்தரை மணி, ஹாஸ்டலுக்குத் திரும்பற வழி, நடுரோட்டுல பேரிகேட், மூஞ்சியில டார்ச் வெளிச்சம். “வண்டிய ஓரங்கட்டுடா!” ஆர்.சி., லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் பக்காவா இருந்தும், போன செமஸ்டர்ல எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் அரை மணி நேரம் அர்ச்சனை. அதுல பாதியை இங்கே அச்சடிக்க முடியாது. அடி விழலை, அபராதமும் இல்லை. ஆனா அன்னிக்கு ரெண்டு பேருமே சாப்பிடாம படுத்தோம். “இதை யார்கிட்டடா சொல்றது? அதே ஸ்டேஷன்லயா?”ன்னு அவன் கேட்டான். என்கிட்ட பதில் இல்லை.

நியூயார்க்ல இருக்கறவங்ககிட்ட பதில் இருக்கு மக்களே. ‘சிவிலியன் கம்ப்ளெய்ன்ட் ரிவ்யூ போர்டு’. போலீஸ் மேல வர்ற புகாரைப் பொதுமக்கள் தரப்புல இருந்து விசாரிக்கற வாரியம். வருஷா வருஷம் என்ன செஞ்சோம்னு அறிக்கை போடறாங்க. அதைப் படிக்க உட்கார்ந்ததுல தெர்மல் லேப் ரெக்கார்டு ரெண்டு நாள் அப்படியே கிடந்தது.

அடிப்படையில நாலு வகைப் புகார். அடிதடி, அதிகார துஷ்பிரயோகம், மரியாதைக் குறைவு, இனம் - மதம் - பாலினத்தை இழிவா பேசறது. மூணாவதைக் கவனிச்சீங்களா? கெட்ட வார்த்தையில திட்டினாலே அது தனிப் புகார்!

விசாரிக்கறவங்க யாரும் போலீஸ் இல்லை. அதுலயும் காலேஜ் முடிச்ச கையோட வேலைக்குச் சேர்ந்தவங்க நிறைய. நம்மைவிட ரெண்டு, மூணு வயசு பெரியவங்க, யூனிஃபார்ம் போட்ட அதிகாரியை எதிர்ல உட்கார வெச்சு கேள்வி கேட்கறதை யோசிச்சுப் பாருங்க. சாட்சியைத் தேடணும், ஆஸ்பத்திரி ரெக்கார்டு வாங்கணும், அதிகாரி சட்டையில மாட்டியிருக்கற கேமரா பதிவை ஓட்டி ஓட்டிப் பார்க்கணும். குற்ற வழக்கு அளவுக்குப் போகாத புகார்னா எல்லாம் 18 மாசத்துக்குள்ள முடியணும். தாண்டிட்டா துறை நடவடிக்கை எடுக்க முடியாது. 2023-ல மட்டும் வந்தது 5,000-க்கும் மேற்பட்ட புகார்கள்.

எல்லாமே நிரூபணம் ஆகிடாது. ‘விதிப்படிதான் நடந்தார்’, ‘அப்படி நடக்கவே இல்லை’, ‘முடிவு சொல்ல முடியலை’ன்னும் தீர்ப்பு வரும். புகார் கொடுத்தவரே திரும்ப வராம போற கேஸும் ஏராளம். எனக்குப் பிடிச்சது சமரசப் பேச்சு. புகார் கொடுத்தவரும் அந்த அதிகாரியும் ஒரே மேஜையில உட்கார்ந்து பேசலாம், நடுவுல பயிற்சி பெற்ற ஒரு மத்தியஸ்தர். எங்க பேரிகேட் கேஸுக்கு இதுதான் கரெக்ட்!

இந்த வாரியம் சும்மா வந்துடலை. 1953-ல ஆரம்பிச்சப்போ போலீஸ் அதிகாரிகளே உட்கார்ந்திருந்தாங்க. நம்ம பேப்பரை நாமே திருத்தற மாதிரி! 1966-ல மேயர் லிண்ட்ஸே வெளியாட்களைச் சேர்த்தார். போலீஸ் சங்கம் பொது வாக்கெடுப்புக்கு இழுத்துட்டுப் போய் ஜெயிச்சு, அதைக் கலைச்சுடுச்சு. 1992 செப்டம்பர்ல முழுக்க சிவிலியன் வாரியம்னு பேச்சு வந்ததும், சுமார் 10,000 போலீஸ்காரங்க சிட்டி ஹால் முன்னால திரண்டு, புரூக்ளின் பாலத்தையே மறிச்சாங்க. அப்படியும் அடுத்த வருஷம் அது வந்துடுச்சு.

ஆனா ரொம்ப சந்தோஷப்படாதீங்க. வாரியம் பரிந்துரைதான் செய்யும். தண்டனை தர்றதா வேண்டாமான்னு கடைசியா முடிவு பண்றது போலீஸ் கமிஷனர். எக்ஸ்டர்னல் வைவா நடத்தி மார்க் போடுவார், இறுதி மார்க் பட்டியலை ஹெச்.ஓ.டி. மாத்தலாம்னா எப்படி இருக்கும்? எரிக் கார்னர் கேஸே சாட்சி. 2014 ஜூலையில போலீஸ்காரர் கழுத்தை நெரிச்சதுல அவர் செத்துப்போனார். துறை விசாரணையில வாரியத்தோட வக்கீல்கள் வாதாடி, அந்த அதிகாரி வேலையை விட்டு நீக்கப்பட்டது 2019 ஆகஸ்ட்ல. அஞ்சு வருஷம்! போலீஸோட ஒழுங்கு நடவடிக்கை ஃபைலைப் பூட்டி வெச்சிருந்த சட்டமும் 2020-லதான் ரத்தாச்சு. இப்போ எந்த அதிகாரி மேல எத்தனை புகார்னு யார் வேணும்னாலும் நெட்ல பார்க்கலாம்.

சரி, நம்ம ஊர்ல? முன்னாள் டி.ஜி.பி. பிரகாஷ் சிங் 1996-ல போட்ட வழக்குல, 2006 செப்டம்பர் 22 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு: மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனியா போலீஸ் புகார் ஆணையம் வேணும், தலைமையில ஓய்வு பெற்ற நீதிபதி இருக்கணும்னு. தமிழ்நாடு 2013-ல சட்டம் போட்டப்போ மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டி.ஜி.பி.! மாவட்டத்துல கலெக்டரும் எஸ்.பி.யும். மறுபடியும் இன்டர்னல் மார்க்தான். கோர்ட் கேட்டது எக்ஸ்டர்னலை!

இதையெல்லாம் ரூம்மேட்கிட்ட மூச்சு விடாம சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, “நியூயார்க்ல கம்ப்ளெய்ன்ட் எழுதறதுன்னா, ‘டா’வுக்கு இங்கிலீஷ்ல என்னடா போடறது?”ன்னான்.