பால் பல் சொத்தையும் பயந்த பிள்ளையும்

"விழுந்து முளைக்கிற பல்லுதானே, அதுக்கு எதுக்கு வைத்தியம்?" இரண்டு வயதுப் பிள்ளையின் முன்பல் கறுத்திருப்பதைப் பார்த்ததும் வீட்டில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுவார். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் கணக்கு தவறு. முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்துவிடும். பால் கடைவாய்ப் பற்கள் விழ 10 முதல் 12 வயது வரை ஆகும். இரண்டு வயதில் அதில் சொத்தை விழுந்தால், இன்னும் எட்டு, பத்து வருடம் பிள்ளை அந்தப் பல்லால்தான் மென்றாக வேண்டும். பால் பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் சொத்தை வேகமாக நரம்பை எட்டிவிடும். வேரடியில் சீழ் கட்டினால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லையும் அது கெடுக்கலாம்.

இந்த வயதுப் பிள்ளைக்குப் பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. சோற்றை விழுங்காமல் வாயில் அதக்கி வைத்துக்கொள்ளும். ஒரு பக்கமாகவே மெல்லும். நடுராத்திரியில் எழுந்து அழும். பிரஷைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும். நாம் அதை அடம் என்று நினைத்துத் திட்டுகிறோம்.

பெரும்பாலும் சொத்தை இரவில்தான் தொடங்குகிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். பால் புட்டியை வாயில் வைத்தபடியே பிள்ளை தூங்கினால், சர்க்கரை கலந்த பால் மேல் முன்பற்கள் நான்கையும் சுற்றித் தேங்கி நிற்கும். கீழ்ப் பற்களை நாக்கு மறைத்துக் காப்பாற்றிவிடுகிறது. அதனால்தான் கீழ்வரிசை வெள்ளையாக இருக்க, மேல்வரிசை மட்டும் அரித்துப்போகிறது. பாட்டிலில் ஊற்றித் தரும் பழச்சாறும், இனிப்பான சிரப் மருந்தும் இதே வேலையைச் செய்யும். தாய்ப்பாலை இதற்காக நிறுத்த வேண்டாம். பல் முளைத்த பிறகு, கடைசியாகப் பால் குடித்து முடித்ததும் ஈரத்துணியால் பல்லைத் துடைத்துவிடுங்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிள்ளையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து மேலுதட்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியதுபோல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் தொடக்கம். இந்த நிலையில் பல் டாக்டர் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவார். ஊசி வேண்டாம், டிரில் வேண்டாம், ஓரிரு நிமிட வேலை. இரவுப் புட்டியையும் நிறுத்தினால் பல் மறுபடி கெட்டிப்படும். கோடு பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் அதை வார்னிஷால் மூட முடியாது.

2002-03இல் நடந்த தேசிய வாய்நல ஆய்வில் நம் நாட்டின் 5 வயதுக் குழந்தைகளில் பாதிப் பேருக்குச் சொத்தை இருந்தது. ஆகவே டாக்டரிடம் போக வெட்கப்படாதீர்கள். உங்கள் வளர்ப்பைக் குறை சொல்லி விரட்டும் டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

அடுத்தது பயம். இரண்டு, மூன்று வயதில் முகம் மூடிய அந்நியர் ஒருவர் மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணில் விளக்கடித்து, வாய்க்குள் கை விட்டால் எந்தப் பிள்ளையும் அழத்தான் செய்யும். அது இயல்பான பயம். இன்னொரு பயம் நாமே ஊட்டியது. "சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று தினமும் மிரட்டிவிட்டு, ஒருநாள் அதே டாக்டர் முன் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னால் எப்படித் திறக்கும்? அந்த மிரட்டலை இன்றோடு விட்டுவிடுங்கள்.

போவதற்குச் சில நாள் முன்பே வீட்டில் விளையாட்டாகப் பழக்கலாம். பொம்மையின் பல்லை எண்ணுங்கள், பிறகு பிள்ளை உங்கள் பல்லை எண்ணட்டும், பிறகு செல்போன் டார்ச் அடித்து அதன் பல்லை நீங்கள் எண்ணுங்கள். "வலிக்காதுடா செல்லம்" என்று சொல்லாதீர்கள், அதில் பிள்ளையின் காதில் விழுவது வலி மட்டும்தான். ஊசி, பிடுங்குவது என்ற பேச்சே வேண்டாம். பார்க்குக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போகவும் வேண்டாம், அடுத்த தடவை உங்களையும் நம்பாது. "டாக்டர் ஆன்ட்டி உன் பல்லை எண்ணிப் பார்ப்பாங்க, நான் பக்கத்துலயே இருப்பேன்" என்பது போதும். நன்றாகத் தூங்கி எழுந்த காலை நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். குடும்பமே திரண்டு போய் ஆளுக்கொரு பக்கம் சமாதானம் சொன்னால் பிள்ளை மிரளும். ஒருவர் பேசினால் போதும்.

பழகிய டாக்டர் இந்த வயதுப் பிள்ளையை நாற்காலியில் தனியே ஏற்றமாட்டார். அம்மாவும் டாக்டரும் முழங்காலோடு முழங்கால் ஒட்ட எதிரெதிரே உட்காருவார்கள். பிள்ளை அம்மாவைப் பார்த்தபடி அவர் இடுப்பில் கால் போட்டு உட்கார்ந்து, அப்படியே பின்னால் சாய்ந்து டாக்டர் மடியில் தலை வைக்கும். "கையை மட்டும் பிடிச்சுக்கோங்கம்மா, அவன் உங்களையே பார்த்துட்டு இருக்கட்டும்" என்பார் டாக்டர். பிள்ளை வீறிடும். வாய் நன்றாகத் திறக்கும், பற்கள் அத்தனையும் தெரியும், ஒரு நிமிடத்தில் பரிசோதனை முடிந்துவிடும். அம்மா தூக்கி அணைத்ததும் அழுகை அடங்கும். அழுதது தவறே இல்லை. "எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்கிட்டே" என்று திரும்பும் வழியில் திட்டாதீர்கள்.

எல்லாச் சொத்தைக்கும் டிரில் தேவையில்லை. சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற சொட்டு மருந்தைத் தடவினால் பெரும்பாலும் சொத்தை பரவுவது நின்றுவிடும். ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும், இதைத் தடவுவதற்கு முன்பே உங்களிடம் சொல்ல வேண்டும். கடைவாய்ப் பல்லுக்கு, நரம்பு கெடாமல் இருந்தால், ஊசி போடாமலே எஃகுத் தொப்பி மாட்டும் ஹால் முறை இருக்கிறது. நரம்பு கெட்டிருந்தால் வேர் சிகிச்சை. பல்லை எடுத்தே ஆக வேண்டுமென்றால், இடைவெளி மூடிவிடாமல் காக்கும் வளையம் தேவையா என்று கேளுங்கள். நிறையப் பற்கள் கெட்டு, பிள்ளை சற்றும் ஒத்துழைக்காதபோது மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடிப்பதுண்டு. அதை மயக்க மருந்து நிபுணரும், மூச்சையும் இதயத்துடிப்பையும் கண்காணிக்கும் கருவிகளும் உள்ள மருத்துவமனையில் மட்டும் செய்துகொள்ளுங்கள். எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று சொல்கிறார்களோ, அதில் ஒரு பிஸ்கட்கூட விதிவிலக்கில்லை.

வீட்டு வைத்தியத்தில் சில ஆபத்தானவை. பல்லில் பூச்சி இல்லவே இல்லை, எனவே பூச்சி எடுக்கிறேன் என்பவரிடமோ கண்டங்கத்திரி விதைப் புகை பிடிக்கவோ பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். கிராம்புத் தைலம் ஈறைப் புண்ணாக்கும். ஆஸ்பிரின் கூடாது. பென்சோகெயின் கலந்த ஈறு ஜெல்லை 2 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது, ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுசெல்வதையே அது பாதிக்கலாம். வலிக்கு, எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் போதும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால், வீக்கம் கண்ணுக்கோ தாடைக்கடியிலோ பரவினால், எச்சில் விழுங்கவே முடியாமல் போனால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.

உங்கள் உரிமைகளும் தெளிவானவை. பிள்ளைக்காகச் சம்மதம் தருபவர் நீங்கள். ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதத்தை வைத்து, உயிருக்கு ஆபத்தில்லாதபோது, வேறொரு சிகிச்சையைச் செய்ய முடியாது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. பரிசோதிக்க ஒப்புக்கொண்டீர்கள் என்பதற்காகப் பல்லைப் பிடுங்க ஒப்புக்கொண்டதாக ஆகாது. பிள்ளையைத் துணியால் சுற்றிக் கட்டிப்போடவோ ஆட்கள் அழுத்திப் பிடிக்கவோ போகிறார்கள் என்றால், ஏன் என்று முன்பே விளக்கி உங்கள் அனுமதி பெற வேண்டும். "நீங்க வெளியே இருங்க" என்றால் காரணம் கேளுங்கள். விளக்கம் திருப்தியில்லை என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். கட்டண விவரமும், எக்ஸ்ரே நகலும், இன்னொரு டாக்டரின் கருத்தும் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

பல் டாக்டர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், பதிவு எண்ணைத் தயங்காமல் கேளுங்கள். எம்.டி.எஸ். பட்டத்தில் குழந்தைகள் பல் மருத்துவம் படித்தவராக இருந்தால் இன்னும் நல்லது. தவறு நடந்தால் கவுன்சிலில் புகார் தரலாம். காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சையென்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணமே இல்லை. ரசீது, மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

பணமில்லை என்று தள்ளிப்போட வேண்டாம். சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய நோய்களில் பல் சொத்தையும் ஒன்று, அவர்கள் வரும் நாளை டீச்சரிடம் கேட்டு வையுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிபோல நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊர்க்காரர்கள் பற்பசை விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் 3 வயது வரை ஓர் அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் வைத்து, காலையும் இரவும் நீங்களே தேய்த்துவிடுங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இன்னொன்று இருந்தால், அதற்கு முதல் பல் முளைத்த 6 மாதத்துக்குள், மிஞ்சினால் முதல் பிறந்தநாளுக்குள், வலி எதுவும் வருவதற்கு முன்பே பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.