வீட்டில் துர்நாற்றம்: அதன் பிறப்பிடத்தைக் கண்டறியும் முறை

வீட்டில் துர்நாற்றம் எழுமாயின் ஊதுவத்தி கொளுத்துவதும் வாசனைத் திரவம் தெளிப்பதும் பலருடைய வழக்கம். இவை நாற்றத்தை மறைக்குமேயன்றி நீக்கமாட்டா. ஏதோ ஒரு பொருளிலிருந்து வெளிப்படும் ஆவி காற்றிற் கலந்து மூக்கை அடைவதையே நாம் நாற்றம் என்கிறோம். அப்பொருள் உள்ளவரை நாற்றமும் இருந்தே தீரும். சில சமயங்களில் அது பெரியதோர் ஆபத்தின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும். ஆதலின் அதன் பிறப்பிடத்தை ஒழுங்காகத் தேடிக் காண்பது அவசியமாகும். ஹைதராபாத் நகரத்து வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்முறையை இங்குக் காண்போம்.

முதலில் விலக்க வேண்டியவை

நாற்றம் எழுந்தவுடன் அது சமையல் வாயுவா என்பதையே முதலில் அறிய வேண்டும். அவ்வாயுவுக்கு இயற்கையில் எளிதில் உணரத்தக்க மணம் இல்லை. அழுகிய முட்டைக்கோஸை ஒத்த நாற்றம் வீசுவதற்காக எதில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தை அதில் கலக்கின்றனர். 1937-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளியில் மணமற்ற இயற்கை வாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 மாணவரும் ஆசிரியரும் மாண்டனர். அதன் பின்னரே மணமூட்டும் வழக்கம் அங்குச் சட்டமாயிற்று.

நம் நாட்டில் சிலிண்டரில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே தரையை ஒட்டித் தேங்கும். இந்நாற்றத்தை உணர்ந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவுகளையும் சன்னல்களையும் திறந்துவிட வேண்டும். மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிறு பொறியும் தீயை மூட்டிவிடும். வெளியே வந்தபின் 1906 என்னும் அவசர எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

மீன் நாற்றத்தையோ பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தையோ ஒத்தது எழுமாயின், மின்கம்பியோ சுவிட்சோ அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கக்கூடும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின் பணியாளரை அழைத்தல் வேண்டும்.

மூக்கின் குறை

மூக்கு மிக நுட்பமான கருவி. ஆனால் விரைவில் களைப்படைவது. ஒரே நாற்றத்தைச் சில நிமிடங்கள் முகர்ந்தால் அதை உணரும் திறன் குன்றிவிடுகிறது. வீட்டினர் அறியாத நாற்றத்தை விருந்தினர் உடனே அறிவது இதனாலேயே. ஆதலால் தேடத் தொடங்குமுன் அறைக் கதவுகளைத் தனித்தனியே சாத்திவிட்டு, கால் மணி நேரம் வெளியே உலவி வருதல் நன்று. பின்னர் ஒவ்வோர் அறையாக நுழைந்து, தரையருகிலும் தலைமட்டத்திலும் முகர்ந்து பார்க்க வேண்டும். எந்த வேளையில் நாற்றம் மிகுகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கழிவுநீர்க் குழாயும் தண்ணீர்ப் பூட்டும்

1908 செப்டம்பர் 28 அன்று மூசி நதியில் பெருகிய வெள்ளம் ஹைதராபாதைப் பாழாக்கியது. நிஜாம் அரசின் அழைப்பின்பேரில் 1909-இல் அங்குச் சென்ற பொறியியலறிஞர் விசுவேசுவரய்யா, வெள்ளத் தடுப்புத் திட்டத்துடன் நகரின் கழிவுநீர்த் திட்டத்தையும் வகுத்தளித்தார். சாக்கடை நிலத்தடிக்குச் சென்றமையால் தெருக்கள் தூய்மையுற்றன. ஆனால் வீடுகள் குழாய்களால் சாக்கடையுடன் இணைக்கப்பட்டபோது, அதன் வாயு வீட்டினுள் ஏறவும் வழி ஏற்பட்டது.

இவ்வாயுவில் முக்கியமானது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றுப் புகாத குழாய்ச் சுவரில் படியும் வழுவழுப்பில் வாழும் பாக்டீரியாக்கள், நீரிலுள்ள சல்பேட் உப்புகளிலிருந்து இதனை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் இதனுடையதே.

இவ்வாயுவைத் தடுப்பது ஒரு கைப்பிடித் தண்ணீரே. குழாயை வளைத்து, அவ்வளைவில் எப்பொழுதும் நீர் தங்குமாறு செய்யும் முறைக்கு 1775-இல் லண்டன் கடிகாரத் தொழிலாளர் அலெக்ஸாண்டர் கம்மிங் உரிமை பெற்றார். நம் குளியலறைத் தரையிலுள்ள நஹானி டிராப்பும் இத்தகையதே. அதில் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு நிற்கும் நீர், வாயுவுக்குப் பூட்டுப் போல அமைகிறது.

ஏப்ரல், மே மாதங்களில் ஹைதராபாதில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டும். பயன்படுத்தாத குளியலறையில் அந்நீர் ஆவியாகிவிடுமாயின் பூட்டுத் திறந்துகொள்ளும். கோடை விடுமுறை கழிந்து வீடு திரும்புவோர் முதலில் உணர்வது பெரும்பாலும் இந்நாற்றமே. ஒவ்வொரு துளையிலும் ஒரு குவளை நீர் ஊற்றி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். நாற்றம் நீங்கினால் காரணம் இதுவே. நெடுநாள் வெளியூர் செல்வோர் அந்நீரின்மேல் சில துளி சமையல் எண்ணெய் விட்டுச் சென்றால் நீர் விரைவில் வற்றாது.

நீர் ஊற்றியும் சில மணி நேரத்தில் நாற்றம் மீளுமாயின், காற்றுக் குழாய் அடைபட்டு அப்பூட்டு நீர் உறிஞ்சப்படுகிறதா, இணைப்பில் வெடிப்புள்ளதா என்று குழாய்ப் பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

நாற்றம் குழாயிலா, நீரிலா?

குழாயைத் திறக்கும்போது மட்டும் நாற்றம் வந்தால் எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு கண்ணாடித் தம்ளரில் நீரைப் பிடித்து வேறோர் அறைக்குக் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். அங்கு நாற்றமில்லையெனில் குற்றம் தொட்டியின் கழிவுத் துளையிலுள்ளது. நாற்றமிருப்பின் குற்றம் நீரில் உள்ளது. வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றமிருந்தால் கீசரைச் சுத்தம் செய்ய வேண்டும்.

குடிநீரில் சாக்கடை நாற்றமிருந்தால் ஒரு துளியும் அருந்தலாகாது. 2009 மே மாதத்தில் ஹைதராபாதின் போலக்பூர் பகுதியில் குடிநீரில் கழிவுநீர் கலந்ததனால் பலர் நோயுற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. இத்தகைய நீரைப் பற்றி உடனே குடிநீர் வாரியத்திற்குத் தெரிவிப்பதுடன், அண்டை வீட்டாரையும் எச்சரிக்க வேண்டும்.

பிற காரணங்கள்

உசேன் சாகர் ஏரிக்கும் மூசி நதிக்கும் அருகில் வாழ்வோர், காற்றடிக்கும் திசையையும் கவனித்தல் வேண்டும். சன்னல்களை அடைத்தால் நாற்றம் குறையுமெனில் அது வெளியிலிருந்து வருவது. மழைக்காலத்தில் அலமாரியில் எழும் மக்கிய நாற்றம், சுவரின் ஈரத்தில் வளரும் பூஞ்சையினால் ஆவது. நாளுக்கு நாள் கடுமையாகிப் பின் தானே தணியும் நாற்றமும், ஓரிடத்தில் கூடும் ஈக்களும் செத்த எலியைக் காட்டும்.

ஓர் எச்சரிக்கை

காற்றில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலே பலரும் அதனை உணர்வர். பதினாயிரத்தில் ஒரு பங்கை எட்டும்போதோ முகரும் நரம்பு செயலிழந்து, நாற்றமே தெரியாமற் போகிறது. அதற்கும் மிகுமாயின் மயக்கமும் மரணமும் விளையும். ஆகவே கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, நாற்றமில்லை என்று எண்ணி எவரையும் உள்ளே இறக்குதல் கூடாது. தக்க பாதுகாப்பின்றி ஒருவரை இவ்வேலையில் ஈடுபடுத்துவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. தொட்டியைத் துப்புரவு செய்யவும் அடைப்பை நீக்கவும் கழிவுநீர் உறிஞ்சும் வண்டியையே வரவழைத்தல் வேண்டும்.