துருவும் தேய்மானமும்: பழைய இழைப்புளிகளைச் செப்பனிடுதல் குறித்து

1

பழைய பொருள்கள் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுதான் புழங்குகிறது. ஒன்று மியூசியப் பேச்சு: தொடாதே, அப்படியே இருக்கட்டும். மற்றது காயலான்கடைப் பேச்சு: கிலோ என்ன விலை போகும்? இவ்விரண்டுக்கும் நடுவில் செப்பனிடுதல் என்று ஒரு வேலை இருக்கிறது. கோட்பாடு பேசுகிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு பொருளைச் செப்பனிட உட்காருகிறவர் எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது என்று அங்குலத்துக்கு அங்குலம் முடிவெடுத்தாக வேண்டும். அம்முடிவுகளுக்குப் பின்னால் வரலாறு பற்றியும் உழைப்பு பற்றியும் ஒரு பார்வை, செய்கிறவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, இயங்கிக்கொண்டிருக்கிறது. இதை விளக்க அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வார்க்கப்பட்ட இரும்பு இழைப்புளிகளை எடுத்துக்கொள்கிறேன். 'துருப்பிடிச்ச தச்சுச் சாமானுக்கு எதுக்கய்யா இத்தனை தத்துவம்?' என்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். இழைப்பு, உளி இரண்டும் சேர்ந்ததுதான் இழைப்புளி. கருவியின் இயக்கம் முழுவதையும் தமிழ்ப் பெயரே சொல்லிவிடுகிறது. இது ஓர் உளி. ஒரு கூட்டுக்குள் குறிப்பிட்ட சாய்வில் பிடித்து நிறுத்தப்பட்ட உளி. வெறும் உளியைக் கையில் பிடித்திருக்கும்போது அது எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது முழுக்க மணிக்கட்டின் பொறுப்பு. கை ஒரு நொடி பிசகினால் பலகை போயிற்று. கூட்டுக்குள் வைத்ததும் அலகு எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறதோ அவ்வளவுதான் சீவும். இங்கிலாந்தின் மரச்சாமான் வடிவமைப்பாளர் டேவிட் பை 1968-இல் வெளியிட்ட நூலில் வேலைப்பாட்டை இரண்டாகப் பிரித்தார். செய்யச் செய்ய எந்நேரமும் கெட்டுப்போகக்கூடிய, செய்கிறவரின் கவனத்தையும் கைத்திறனையும் நம்பியிருக்கிற வேலை ஒன்று. விளைவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிட்ட வேலை மற்றொன்று. முன்னதன் எல்லை எழுதுகோல் என்றால் பின்னதன் எல்லை அச்சு இயந்திரம். இழைப்புளி இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அபாயத்தைக் குறைக்கிறது, ஆனால் இல்லாமல் ஆக்குவதில்லை. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே முடிச்சு இருக்கிறது, எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதெல்லாம் இன்னும் கையில்தான் இருக்கிறது.

2

மரத்தாலான பழைய இழைப்புளியில் அலகை ஓர் ஆப்பு வைத்து இறுக்குவார்கள். ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் சுத்தியலால் ஒரு தட்டு. எங்கே தட்டுவது, எவ்வளவு தட்டுவது என்பது பல வருடப் பழக்கத்தில் உடம்பில் ஏறுகிற அறிவு. அமெரிக்காவில் லெனார்டு பெய்லி என்பவர் அந்தத் தட்டலை ஒரு திருகுக்கு மாற்றினார். வார்ப்பிரும்பு உடல், 45 பாகைச் சாய்வில் அலகைத் தாங்கும் 'தவளை' என்கிற உறுப்பு, அதன் பின்னால் விரலால் சுழற்றுகிற பித்தளைச் சக்கரம், அலகின் முதுகில் படியும் வளைதகடு, எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் பூட்டும் நெம்புமூடி. 1869-இல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய காப்புரிமைகளை வாங்கியது. சில ஆண்டுகளில் பெய்லி அந்நிறுவனத்தோடு பிணங்கி வெளியேறிப் போட்டிக் கருவிகள் செய்தார். ஆனால் 1902 வாக்கிலிருந்து ஸ்டான்லி கருவிகளின் முன்புறத்தில் 'பெய்லி' என்று அவர் பெயரை இரும்பிலேயே வார்க்கத் தொடங்கினார்கள். ஆசிரியன் வெளியேறிய பிறகு பெயர் மட்டும் வியாபார முத்திரையாகத் தங்கிவிடுவது இலக்கியத்தில் மட்டும் நடப்பதல்ல.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். உடம்பிலிருந்த அறிவைத் திருகுக்கு மாற்றியது தொழிலாளியின் திறனைப் பறித்தது ஆகாதா? தானே செம்புப் பட்டறைத் தொழிலாளியாக இருந்த ஹாரி பிரேவர்மன் 1974-இல் எழுதிய நூலில், முதலாளியம் வேலையைச் சிறு துண்டுகளாக உடைத்து அறிவை நிர்வாகத்தின் கையில் கொண்டு சேர்ப்பதை விரிவாகக் காட்டினார். அந்தப் பார்வையை அப்படியே இங்கே பொருத்தினால் சறுக்கும். பெய்லியின் திருகு நிர்வாகத்தின் அறைக்குப் போகவில்லை, தச்சரின் ஆள்காட்டி விரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தச்சர்கள் கைக்கருவிகளைப் பெரும்பாலும் தங்கள் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் ஆணியால் கீறிய, அச்சால் அடித்த தலைப்பெழுத்துகள் இன்றும் பல கருவிகளில் கிடைக்கின்றன. கைத்தொழிலில் தொழிலாளி கருவியை இயக்குகிறார், ஆலையில் இயந்திரம் தொழிலாளியை இயக்குகிறது என்று மார்க்ஸ் வேறுபடுத்துவதை வைத்துப் பார்த்தால், இந்த இரும்புப் பொருள் ஆலையில் பிறந்தும் ஆலைக்கு வெளியே வாழ்ந்த ஒன்று. திறனைப் பறிப்பது எந்திரமாக்கல் மட்டுமே அல்ல; கருவி யாருடையது, வேலையின் வேகத்தை யார் தீர்மானிப்பது என்பதும்தான்.

பிறகு மின்சார இழைப்பான்கள் வந்தன. ஒட்டுப்பலகைகளும் ஆலையிலேயே இழைத்து அறுத்து வரும் கதவு ஜன்னல்களும் வந்தன. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில் கைக்கருவிகளின் தரத்தையும் நிறுவனங்களே குறைத்துக்கொண்டன. தச்சர்களின் பெட்டிகள் தோட்டக் கொட்டகைகளுக்கும் நிலவறைகளுக்கும் போயின. அங்கேதான் துரு பிடித்தது.

3

செப்பனிடும் வேலை பிரிப்பதில் ஆரம்பிக்கிறது. நெம்புமூடி, அலகு, வளைதகடு, தவளை, கைப்பிடிகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். இறுகிப்போன திருகுகளில் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் காத்திருப்பது நல்லது. அவசரப்பட்டால் திருகின் தலை சிதையும். பித்தளைச் சக்கரத்தின் மரை பெரும்பாலும் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவது என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்து துரு. வினிகரில் ஊறவைப்பது எளிய வழி. அதிக நேரம் விட்டால் அமிலம் நல்ல இரும்பையும் தின்று மேற்பரப்பைக் கருஞ்சாம்பல் நிறமாக்கிவிடும். சலவைச் சோடா கரைத்த நீரில் பேட்டரி சார்ஜரை இணைத்து மின்பகுப்பு செய்வது இன்னொரு வழி. அது துருவை நெகிழ்த்தும், நல்ல இரும்பைத் தொடாது. எதிர்முனைக்குச் சாதாரண இரும்புத் துண்டுதான் வைக்க வேண்டும். எவர்சில்வர் வைத்தால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மங்கள் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் காற்றோட்டமான இடம் அவசியம்.

இதுவரை தொழில்நுட்பம். இனிமேல்தான் அரசியல். துருவும் தேய்மானமும் இரண்டுமே காலத்தின் தடயங்கள் என்று பொதுவாகச் சொல்லி வைக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. தேய்மானம் வேலை நடந்ததன் தடயம். துரு வேலை நின்றுபோனதன் தடயம். கைப்பிடியில் கட்டைவிரல் பட்டுப்பட்டு மழுங்கிய பள்ளம், முன்குமிழில் உள்ளங்கை ஏற்றிய பளபளப்பு, தீட்டித் தீட்டிப் பாதியாகக் குறைந்த அலகு, இவையெல்லாம் பெயர் தெரியாத ஒருவரின் உழைப்புக் கணக்கு. கைப்பிடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று வார்னிஷ் அடிக்கிறவர் அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுகிறார். அழுக்கைத் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் தடவினால் போதும். விரிசல் இருந்தால் பசை வைத்து ஒட்டலாம். தலைப்பெழுத்துகளைத் தொடவே கூடாது.

ஆனால் இந்தச் சூத்திரமும் எல்லா இடத்திலும் செல்லாது. அடிப்பரப்பைப் பாருங்கள். பல்லாண்டு வேலையில் அது சீரற்றுத் தேய்ந்திருக்கும். அதுவும் உழைப்பின் தடயம்தான், ஆனால் அப்படியே விட்டால் கருவி சரியாகச் சீவாது. தடித்த கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, அடிப்பரப்பு முழுக்கப் பேனாவால் கோடுகள் போட்டுத் தேய்த்தால் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று கோடுகள் காட்டிக்கொடுக்கும். தேய்க்கும்போது அலகை உள்ளிழுத்த நிலையில் வைத்து நெம்புமூடியை இறுக்கியிருக்க வேண்டும். அந்த இறுக்கம் உடலைச் சற்றே வளைக்கும் என்பதால் வேலை செய்யும் நிலையிலேயே சமன்செய்வது முறை. முன்னுனி, வாய்க்கு முன்னுள்ள ஓரம், பின்னுனி ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் வந்துவிட்டால் போதும். நடுவிலுள்ள சிறு பள்ளங்களையும் கீறல்களையும் தேடித் தேடி அழிக்க வேண்டியதில்லை. கருவி வேலை செய்யத் தேவையான அளவுக்கு மட்டும் கடந்த காலத்தைத் தேய்ப்பது, அதற்குமேல் ஒரு இழையும் கூடாது என்பதுதான் இங்கே அறம்.

அலகும் வளைதகடும் சேருமிடத்தில் வெளிச்சம் தெரியக்கூடாது, தெரிந்தால் சீவல் அதில் நுழைந்து அடைக்கும். அலகின் முதுகை நுனியருகே கண்ணாடிபோல் சமன்செய்து, 25-லிருந்து 30 பாகைக்குள் தீட்ட வேண்டும். வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மையுடையது, கீழே விழுந்தால் வாயோரம் விரிசல் விடும். அதிகக் கார்பன் இருப்பதால் பற்றவைப்பதும் சிரமம், சூடுபட்ட இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். அப்படி வாய் உடைந்தவற்றை உதிரி உறுப்புகளுக்காக வைத்துக்கொள்வதே நடைமுறை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்டான்லி கருவிகளில் பித்தளைச் சக்கரத்துக்குப் பதிலாக எஃகோ கெட்டி ரப்பரோ இருக்கும். ஈட்டிவகை மரக் கைப்பிடி போய் வேறு மரத்தில் பெயிண்ட் அடித்திருக்கும். பித்தளை போருக்குப் போய்விட்டது. செப்பனிடுகிறேன் என்று இதற்குப் பழைய பித்தளைச் சக்கரம் தேடி மாட்டுகிறவர் கருவியை அழகாக்கி, போரை அழிக்கிறார்.

4

இன்று இக்கருவிகளைச் சுற்றிப் பெரிய சேகரிப்புச் சந்தை இருக்கிறது. எந்த ஆண்டு எந்தத் திருகு மாறியது, எந்த எழுத்து எந்த இடத்தில் வார்க்கப்பட்டது என்று வகை எண்கள் கொடுத்துப் பிரித்திருக்கிறார்கள். பாடபேதம் பார்க்கிற பதிப்பாசிரியரின் உழைப்புக்கு அது குறைந்ததல்ல, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தையில் அதிக விலை பெறுவது பெரும்பாலும் பெட்டியை விட்டே வெளியே வராத, ஒரு சீவலும் சீவாத கருவி. சந்தனம் குங்குமம் வைக்காததுதான் பாக்கி. உழைத்த கருவி மலிவு, உழைக்காதது விலையுயர்ந்தது! இன்னொரு பக்கம், ஆலையிலிருந்தும் பட்டறையிலிருந்தும் துரத்தப்பட்ட கைவேலை, வசதியுள்ளவர்களின் வார இறுதிப் பொழுதுபோக்காகத் திரும்பியிருக்கிறது. அதில் உண்மையான மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் வேலையிழந்தவர்களின் வரலாற்றை அந்த மகிழ்ச்சி பேசுவதில்லை.

மாற்றாக ஒரு முயற்சியைச் சொல்ல வேண்டும். 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் 'டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. கொட்டகைகளில் கிடந்த கைக்கருவிகளைத் திரட்டி, தன்னார்வலர்கள் துரு நீக்கித் தீட்டி, டான்சானியா முதலான ஆப்பிரிக்க நாடுகளின் தச்சர்களுக்கும் கொல்லர்களுக்கும் அனுப்பினார்கள். 1967-இல் அருஷா பிரகடனத்தின் வழி தற்சார்பை அரசுக் கொள்கையாகவே அறிவித்த நாடு டான்சானியா. 'காலனியாண்டவன் கழித்துப்போட்ட சாமான்தானே?' என்ற சந்தேகம் நியாயமானது. தானமாக வரும் கருவி உள்ளூர்க் கொல்லரின் சந்தையைக் கெடுக்காதா என்பதும் கேட்க வேண்டியதுதான். தற்சார்பு என்பதைப் பெட்டியில் கட்டி அனுப்ப முடியாது. இருந்தாலும் அந்தத் தன்னார்வலர் இழைப்புளியைக் கையிலெடுக்கும்போது கேட்கும் கேள்வி சேகரிப்பாளரின் கேள்வியிலிருந்து வேறானது. இது எந்த ஆண்டுக் கருவி என்பதைவிட, இதை அடுத்துப் பிடிக்கப்போகும் கைக்கு என்ன தேவை என்பதுதான் அவருக்கு முக்கியம்.

பழையதை மீட்பதாகச் சொல்லிக்கொள்ளும் எல்லாக் காரியங்களுக்கும், கலை மீட்பு, மரபு மீட்பு, இலக்கிய மீட்பு உட்பட, இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். நீக்குவது எது, துருவா தேய்மானமா? மீட்டெடுத்ததைப் பிடிக்கப்போகும் கை யாருடையது? பதில் இல்லாதவர்கள் மீட்பவர்கள் அல்ல, மெருகு போடுகிறவர்கள். இழைப்பது என்ற சொல்லுக்குத் தமிழில் தேய்த்து உருவாக்குவது என்றும் பொருள், தீங்கிழைப்பது என்றும் பொருள். உப்புத்தாளைக் கையிலெடுக்கிறவர்கள் இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.