ஓப்பன் ஒபிஸ் 4.2 எப்போது வரும்?

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் அலுமாரிக்குள் மூன்று பழைய மடிக்கணினிகள் இருக்கின்றன. ஆண்டிறுதிப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிக்கும் வாரங்களில்தான் அவை வெளியே வரும். திறந்தவுடன் கண்ணில் படுவது இரண்டு கடற்பறவைகள் பறக்கும் நீல வட்டம். ஓப்பன் ஒபிஸின் சின்னம் அது. ஆசிரியைகளில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "புதுசு வந்திட்டுதோ?" நாங்களும் உதவி மெனுவுக்குள் போய், புதுப்பிப்பு உண்டா என்று பார்ப்போம். வந்திருந்தால் ஏதோ சிறு திருத்தம் வந்திருக்கும். அவர் கேட்கும் புதுசு, அதாவது 4.2, பத்து வருடங்களுக்கு மேலாகியும் வரவில்லை.

இந்த மென்பொருள்மீது எங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்பதை முதலில் சொல்லவேண்டும். நாடு விட்டு வந்து, ஒரு அறைக்குள் நாலு பேர் இருந்து, பிறகு குடும்பமாகி, முதல் கணினி வாங்கிய காலத்தில், கணினியின் விலையோடு எழுதும் மென்பொருளின் விலையையும் சேர்த்தால் கை நடுங்கும். எங்களில் பலர் யாரோ தந்த களவுப் பிரதியைத்தான் போட்டோம். அதை இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை. ஓப்பன் ஒபிஸ் வந்தபோதுதான் ஒரு சீடியைப் பிரதி எடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுப்பது சட்டப்படியே சரி என்றானது. ஊர்ச் சங்கக் கூட்டங்களிலும் பிறந்தநாள் கொண்டாட்டங்களிலும் அந்த சீடி கைமாறியது. சங்கத்தின் கூட்டக் குறிப்பு, கணக்கு, பள்ளியின் வினாத்தாள், கலைவிழா நாடகப் பிரதி, அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டு எல்லாம் அதில்தான் எழுதப்பட்டன.

அது பிறந்த இடம் ஜேர்மனி. 1985இல் மார்க்கோ பொரிஸ் என்ற பதினாறு வயதுப் பையன் லூனபேர்க் நகரில் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினான். ஸ்டார் ரைட்டர் என்ற எழுதும் மென்பொருள் பிறகு ஸ்டார் ஒபிஸ் ஆனது. 1999இல் அமெரிக்காவின் சண் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. வாங்கிய காரணத்தை அங்கே வேலை செய்த சைமன் பிப்ஸ் பின்னர் விளக்கியிருக்கிறார்: ஏறக்குறைய 42,000 ஊழியர்களுக்கும் மைக்ரோசொப்ட் ஒபிஸுக்கு உரிமம் வாங்குவதைவிட, இப்படியொரு மென்பொருளைச் செய்யும் நிறுவனத்தையே வாங்குவது மலிவாக இருந்ததாம். சங்கத்துக்கு மண்டபம் வாடகைக்கு எடுக்கும்போது நாங்கள் போடும் கணக்கும் இதுதான், தொகைதான் வேறு. 2000ஆம் ஆண்டு சண் அதன் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2002இல் 1.0, 2005இல் 2.0, 2008இல் 3.0 என்று பதிப்புகள் வந்தன.

2010இல் ஒராக்கிள் நிறுவனம் சண்ணை வாங்கியது. புதிய முதலாளி என்ன செய்வாரோ என்று அஞ்சிய நிரலாளர்கள் பலர், அதே ஆண்டு செப்டெம்பரில் நிரலைப் பிரதி எடுத்துக்கொண்டு தனியே போய் ஆவண அறக்கட்டளை என்ற பெயரில் அமைப்பொன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்யும் மென்பொருள்தான் லிப்ரே ஒபிஸ். சங்கம் இரண்டாக உடைவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே உடைந்த இரு பகுதியும் ஒரே சொத்தை முழுசாகக் கொண்டுபோக முடிந்தது. 2011 ஜூனில் ஒராக்கிள், ஓப்பன் ஒபிஸை அப்பாச்சி என்ற தொண்டர் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டது.

அப்பாச்சியின் கையில் 2012இல் 3.4 வந்தது, 2013இல் 4.0 வந்தது, 2014 ஏப்ரலில் 4.1 வந்தது. அதோடு நின்றது.

பதிப்பு எண்களை வாசிக்கும் முறை தெரிந்தால் நின்றது எது என்பது புரியும். முதல் எண் மாறினால் வீட்டை இடித்துக் கட்டியதுபோல். இரண்டாவது எண் மாறினால் புதிதாக ஒரு அறை போட்டதுபோல். மூன்றாவது எண் ஒழுக்குக் கூரையை அடைத்ததற்கு. 4.1.1, 4.1.2 என்று தொடங்கி 2023 டிசம்பரில் 4.1.15 வரை வந்தது எல்லாமே கூரை அடைத்த வேலை. 4.2க்கான வேலைகள் பல வருடமாக நிரல் களஞ்சியத்தில் கிடக்கின்றன. அதை முடித்து, சோதித்து, வெளியிட ஆட்கள்தான் போதவில்லை.

ஆட்கள் ஏன் போதவில்லை? இதில் இரண்டு காரணம். ஐபிஎம் நிறுவனம் தன் சம்பளத்தில் சில நிரலாளர்களை அப்பாச்சியின் ஓப்பன் ஒபிஸுக்காக வைத்திருந்தது. 4.1 வந்த பின் அவர்கள் விலகினார்கள். மிஞ்சியவர்கள் ஓய்வு நேரத்தில் எழுதும் தொண்டர்கள். இந்த மென்பொருளோ பல லட்சம் வரி நிரல் கொண்டது. கட்டி எடுப்பதற்கே தனி அனுபவம் வேண்டும்.

இரண்டாவது காரணம் உரிமம். இது பலருக்குத் தெரியாது. அப்பாச்சியின் உரிமம், "யாரும் எடுக்கலாம், எடுத்ததை என்னவும் செய்யலாம்" என்கிறது. லிப்ரே ஒபிஸின் உரிமம், "எடுக்கலாம், ஆனால் நீ திருத்திய பகுதியை இதே நிபந்தனையோடு வெளியே விட வேண்டும்" என்கிறது. ஆகவே அப்பாச்சி செய்ததை லிப்ரே எடுக்கலாம். லிப்ரே செய்ததை அப்பாச்சி எடுக்க முடியாது. ஓப்பன் ஒபிஸ் 4.0இல் திரையின் வலது பக்கம் வந்த பட்டை ஐபிஎம்மின் லோட்டஸ் சிம்பொனியிலிருந்து வந்தது. சில மாதங்களுக்குள் அது லிப்ரே ஒபிஸுக்கும் போய்விட்டது. மறுபக்கமாக ஒன்றும் வரமுடியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கறித்தூள் கொடுக்கலாம், அங்கே சமைத்த கறியை வாங்கமுடியாது என்றால் எந்த வீட்டில் விருந்து நடக்கும்?

2016இல் இந்த நிலை வெளிப்படையாகப் பேசப்பட்டது. ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்த பதிப்பை வெளியிடுவது இழுபட்டபோது, அப்பாச்சியின் ஓப்பன் ஒபிஸ் குழுத் தலைவராக இருந்த டெனிஸ் ஹமில்ரன், திட்டத்தை மூடுவதென்றால் என்னென்ன செய்யவேண்டும் என்று குழுவுக்குள்ளேயே கேட்டு எழுதினார். மூடவில்லை. ஒக்டோபரில் 4.1.3 வந்தது. 2020 ஒக்டோபரில் ஆவண அறக்கட்டளை ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது: உங்கள் பயனர்களுக்கு லிப்ரே ஒபிஸ் என்று ஒன்று இருப்பதையாவது சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். எங்களுக்கு அந்தக் கடிதம் கொஞ்சம் கடுமையாகப் பட்டது. ஆனால் பிழையென்று சொல்ல முடியவில்லை.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். புதுசு வரவேண்டும் என்று எங்கள் ஆசிரியைகள் ஆசைப்படுவது அலங்காரத்துக்காக அல்ல. அவர்களின் குறை தமிழ்: பழைய கோப்பைத் திறந்தால் எழுத்துக் குழம்புகிறது, தேடினால் சொல் அகப்படவில்லை, எல்லாச் சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு. புதிய பதிப்பு வந்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைத்தான் நாங்கள் கலைக்க வேண்டியிருந்தது.

இருபது வருடத்துக்கு முந்தைய எங்கள் கோப்புகளில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி என்பது உண்மையில் ஒரு வேடம். அம்மா என்று அடிக்க நாங்கள் தட்டியது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச். கோப்புக்குள் சேமிக்கப்பட்டதும் அதே ஐந்து குறிகள்தான். எம் எழுத்தின் இடத்தில் அ படமும், கே எழுத்தின் இடத்தில் ம படமும் வைத்திருப்பது எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்து ஆங்கிலக் குப்பை தெரியும். மென்பொருளைப் பொறுத்தவரை அது பிழையான ஆங்கிலம், அதனால் சிவப்புக் கோடு போடுகிறது. 4.2 வந்தாலும் 5.0 வந்தாலும் இது மாறாது. யூனிகோட்டில் அப்படியில்லை. அங்கே ம என்பதற்கு உலகம் முழுவதும் ஒரே எண். எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

பழைய கோப்பை யூனிகோட்டுக்கு மாற்றக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக்கூடாது. எங்கள் நண்பர் ஒருவரின் தகப்பனார், ஓய்வு பெற்ற ஆசிரியர், தன் ஊரின் வரலாற்றைப் பாமினியில் இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதி வைத்திருந்தார். எந்தக் குளத்துக்கு யார் படி கட்டினார், எந்தக் குடும்பம் எந்த ஆண்டு எந்த நாட்டுக்குப் போனது என்றெல்லாம். அவர் காலமான பிறகு, ஆண்டுத் திவசத்துக்கு அதை நூலாக்க விரும்பிப் பிள்ளைகள் கோப்பைக் கொண்டுவந்தார்கள். புதிய கணினியில் முழுக்கக் குப்பை. முழுதையும் ஒரே தடவையில் மாற்றினோம். தமிழ் வந்தது. ஆனால் இடையிடையே அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த வெளிநாட்டு ஊர்ப் பெயர்கள், தெருப் பெயர்கள், கப்பலின் பெயர் எல்லாம் வாயில் நுழையாத தமிழ் எழுத்துகளாகிவிட்டன. கருவிக்கு எது வேடம், எது அசல் என்று எப்படித் தெரியும்?

நல்லகாலம், மூலத்தின் பிரதி இருந்தது. ரைட்டரில் தேடி மாற்றும் பெட்டியில் சொல்லை மட்டுமல்ல, எழுத்துருவையும் கொடுத்துத் தேடலாம். பாமினியில் உள்ளதை மட்டும் தெரிவு செய்து, அதை மட்டும் மாற்றினோம். அப்படியும் அவர் எழுத்துருவை மாற்ற மறந்து அடித்த இடங்கள் சில இருந்தன. அவற்றை அவரது மகள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினார். இங்கே பிறந்தவர், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். மூன்று வார இறுதிகள் எடுத்தன. தன் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதை அப்போதுதான் கண்டார்.

ஆகவே புதிய பதிப்பால் வராதது எது என்று தெரிந்துகொண்டோம். வருவது எது? மூன்று விடயம் முக்கியம். ஓப்பன் ஒபிஸ் 4.1 டொக்எக்ஸ் கோப்பைத் திறக்கும், அந்த வடிவத்தில் சேமிக்காது. பிள்ளைகளின் பாடசாலையும் வேலையிடமும் கேட்பது டொக்எக்ஸைத்தான். லிப்ரே ஒபிஸ் சேமிக்கும். அடுத்தது தமிழ் எழுத்தைக் கோர்க்கும் விதம். கொ என்ற எழுத்தில் உயிர்க்குறியின் ஒரு பாதி முன்னும் ஒரு பாதி பின்னும் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் ஹார்ப்பஸ் என்ற பொறியை லிப்ரே ஒபிஸ் 2017இல் வந்த 5.3 முதல் விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஒன்றுபோலப் பயன்படுத்துகிறது. மூன்றாவது பாதுகாப்பு. வேகமாக ஒட்டை அடைக்க ஆட்கள் இருக்கும் இடம் எது என்பதுதான் இங்கே கேள்வி.

இன்னொரு சின்ன விடயம், இரண்டு மென்பொருளுக்கும் பொருந்தும். பத்தியின் பாணியில் எழுத்தின் அளவை 14 ஆக்கினேன், தமிழ் மட்டும் மாறவில்லை என்று முறையிடுவார்கள். அந்தப் பெட்டியில் மேற்கத்திய எழுத்துக்கு ஓரிடமும் சிக்கலான எழுத்துமுறைக்கு வேறோர் இடமும் இருக்கின்றன. யூனிகோட் தமிழ் இரண்டாவதற்குள் அடங்கும். அங்கே மாற்ற வேண்டும். பாமினி ஆங்கில வேடத்தில் இருப்பதால் முதலாவதற்குள் அடங்கும். இந்த ஒன்று தெரியாமல் எத்தனை பரீட்சைத் தாள்கள் நள்ளிரவு தாண்டின!

கடந்த தவணையில் இரண்டு மடிக்கணினிகளை லிப்ரே ஒபிஸுக்கு மாற்றினோம். பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டும் ஓடிஎஃப் என்ற ஒரே திறந்த வடிவத்தில்தான் கோப்பைச் சேமிக்கின்றன. 2006இல் அது சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. உள்ளே பார்க்க விரும்பினால், பிரதி ஒன்றின் பெயரின் கடைசியை ஸிப் என்று மாற்றித் திறவுங்கள். நீங்கள் எழுதியது சாதாரண எழுத்துக் கோப்பாக உள்ளே இருக்கும். நாளைக்கு இரண்டு மென்பொருளும் இல்லாமற் போனாலும் அதை வாசிக்கலாம். மாற்றுமுன் கோப்புறை முழுவதையும் வெளித் தட்டொன்றில் பிரதி எடுத்தோம். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் தரவிறக்கினோம். அச்சகத்துக்கு இனிமேல் பிடிஎஃப் மட்டும்தான் அனுப்புகிறோம். எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும்.

மூன்றாவது மடிக்கணினியில் கை வைக்கவில்லை. அதைப் பாவிக்கும் மூத்த ஆசிரியை, எண்பதை நெருங்குபவர், பாமினி விசைகள் விரலில் ஊறியவர். கடற்பறவைச் சின்னம் இல்லாவிட்டால் எதைத் திறப்பது என்று கேட்கிறார். பாமினி விசைப்படியே அடித்து யூனிகோட்டாகப் பதியும் விசைப்பலகையை அவருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஐந்தாம் வகுப்பு வினாத்தாளில் பாதி முடிந்துவிட்டது. போன சனிக்கிழமையும் உதவி மெனுவை அழுத்திப் பார்க்கச் சொன்னார். அழுத்திப் பார்த்தோம்.