மார்கழிப் பனியில் அடையாறு



ஒரகடத்தில் இரவுப் பணி முடித்து முடிச்சூர் பக்கம் திரும்பும் நம் இளைஞர்கள், மார்கழி விடியலில் வண்டியை நிறுத்தி, பனி மூடிய அடையாற்றைக் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். மணிமங்கலம் அருகே மலைப்பட்டு ஏரியில் தொடங்கி, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் ஆறு இது.

நம் ஊரில் ஆறு உறைவதில்லை. ஆனால் மேகமற்ற இரவில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. நீரோ மெதுவாகவே குளிர்கிறது. நீரிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த காற்றில் பட்டு நுண்துளிகளாகிறது. இதுவே நாம் காணும் மூடுபனி.

இதைப் படமெடுத்தால், வெண்பனி பெரும்பாலும் மங்கிய சாம்பல் நிறமாகவே விழுகிறது. எங்கும் வெண்மையைக் காணும் கேமரா, ஒளி மிகுந்துவிட்டதென்று எண்ணி அதைக் குறைத்துவிடுகிறது. திரையைத் தொட்டு வெளிச்சத்தைச் சற்றே கூட்டினால் போதும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் லென்சில் ஈரம் படியும். சிறிது நேரம் பையிலேயே வைத்திருக்க வேண்டும். லடாக்கின் உறைந்த ஆறுகளில் சிக்கல் வேறு. கடுங்குளிரில் பேட்டரியின் ஆற்றல் விரைவில் குறைவதால், அதைச் சட்டைக்குள் வைத்து உடல் சூட்டில் காக்க வேண்டும். எங்கும் தேவை பொறுமை. ஒளிக்காகக் காத்திருக்கும் இப்பொறுமையைத்தான் திருவருகைக் காலமும் நமக்குக் கற்றுத்தருகிறது.

ஆனால் பனி சிலவற்றை மறைக்கவும் செய்கிறது. அது விலகியதும் கரையோரக் குப்பையும் கழிவுநீரும் தெரிகின்றன. உடனே கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுகிறோம். 2015 டிசம்பரில் ஏரிகள் நிரம்பி வழிந்து, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கீழே செம்பரம்பாக்கத்தின் உபரிநீரும் வினாடிக்கு 29,000 கனஅடி வந்து சேர, சென்னையின் கரையோரப் பகுதிகளும் மூழ்கின. ஆற்றுக்குரிய இடத்தை நாம் மறந்ததன் விலையும் அதில் இருந்தது.

தானியேல் நூலில், தீச்சூளையில் நின்ற மூன்று இளைஞர்கள் பனியையும் குளிரையும் ஆறுகளையும் ஆண்டவரைப் புகழ அழைக்கிறார்கள். இரவெல்லாம் இயந்திரங்களின் வெப்பத்தில் நின்றுவரும் நம் பிள்ளைகள் ஆற்றங்கரையில் நின்று வியப்பதும் அத்தகைய புகழ்ச்சியே.

அப்புகழ்ச்சி நிறைவடைய, பனி விலகிய பின்னும் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுப்போம். இரண்டையும் பங்குப் பேரவையில் வைப்போம். முதல் படத்திற்காக நன்றி சொல்வோம். இரண்டாவது படத்திற்காக மனம் வருந்தி, கரையைத் தூய்மை செய்ய இறங்குவோம். பெற்ற ஆற்றை நம் பிள்ளைகளிடம் நல்லபடியாக ஒப்படைக்க இறையருள் வேண்டுவோம்.