பதினான்கு நாடுகளும் ஒரு காசோலையும்

2019 டிசம்பரில் ஜனங்களின் வாக்குப் பெற்று, 2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்ட ஊராட்சித் தலைவர்களின் ஐந்தாண்டுத் தவணை 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு தீர்ந்துபோனது என்ற செய்தி வெளிவந்த நாள்முதலாக, கொல்லிமலையிலிருந்தும் அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்தும் வந்து சேரும் கடிதங்களில் ஒரு பெருங்குழப்பம் குடிகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதி போகும் அதே ஜனவரி 20-இல் அடுத்தவர் வந்து அமர்ந்துவிடுகிறாரே, எங்கள் தலைவருக்குப் பின்னால் ஒருவரையும் காணோமே என்கிறார் ஒரு வாசகர். தேர்தல் நடக்கும்வரை பிரதமர் காபந்து சர்க்கார் நடத்துவதுபோல இவர்களும் நடத்தினால் என்ன என்கிறார் இன்னொருவர். வார்டு மெம்பர்கள் கூடி ஓட்டுப் போட்டுத் தலைவரை இறக்க முடியாதா என்று, ஏதோ பழைய கணக்கு ஒன்று தீராதவர்போல, மூன்றாமவர் கேட்கிறார். ஜனாதிபதி முறைக்கும் பாராளுமன்ற முறைக்கும் உள்ள பேதத்தைப் பள்ளிக்கூடத்துச் சமூக அறிவியல் புத்தகத்திலேயே எல்லோரும் படித்திருப்பதால், அந்த இலக்கணத்துக்குள் நான் புகவில்லை.

பல நாடுகளின் ஆட்சியை ஒப்பிட்டுப் பார்க்கக் கப்பலேற வேண்டியதில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால் போதும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று இம்மலையிலே பதினான்கு நாடுகள் இருக்கின்றன. மலையாளிப் பழங்குடி மக்கள் பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்னும் தலைமைகளின் கீழ் வழிவழியாகக் காத்துவந்த அந்த எல்லைகளின் பெயர்களையே சர்க்காரும் எடுத்துப் பதினான்கு கிராம ஊராட்சிகளுக்குச் சூட்டியிருக்கிறது. பெயரை எடுத்துக்கொண்டதே தவிர, உள்ளே வைத்த யந்திரம் முற்றிலும் வேறு. அந்த யந்திரத்தின் விசித்திரத்தைத்தான் இங்கே சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், கிராம ஊராட்சித் தலைவரை ஜனங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே அவர் அமெரிக்க ஜனாதிபதியின் ஜாதி. அதே சட்டம், ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரை ஒன்றியத் தலைவராக்கிக்கொள்ளச் சொல்கிறது. ஆகவே ஒன்றிய அலுவலகமுள்ள செம்மேட்டில் உட்காரும் சேர்மன், உறுப்பினர்களின் நம்பிக்கை உள்ளவரையில் நிற்கும் பிரதமரின் ஜாதி. இதில்கூட அதிசயமில்லை. அதிசயம், கிராம ஊராட்சிக்குள்ளேயே துணைத் தலைவர் என்றொருவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்து, ஊராட்சி நிதியிலிருந்து காசு எடுக்கும் காசோலை ஒவ்வொன்றிலும் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும் என்று 188-ஆம் பிரிவு விதித்திருப்பதுதான். ஒருவர் ஊரின் பிரதிநிதி, மற்றவர் உறுப்பினர்களின் பிரதிநிதி. ஒருவரை ஒருவர் நியமிக்கவில்லை, ஒருவரை ஒருவர் நீக்கவும் இயலாது. ஆயினும் ஒரே தாளில் இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் தெருவிளக்குக்கு ஒரு பல்பு வாங்கலாம். இப்போது அந்தத் தாளின் இடத்தைப் பெரும்பாலும் கணினியின் டிஜிட்டல் கையொப்பம் பிடித்துக்கொண்டுவிட்டது. இரண்டு பேர் என்ற நிபந்தனை மட்டும் மாறவில்லை.

இதைத் திருட்டுக்குப் பூட்டு என்று அதிகாரிகள் வர்ணிப்பார்கள். பூட்டுத்தான், ஆனால் சாவி இருவரிடம் பாதிப் பாதியாக இருக்கிறது. மலைமேல் ஓர் ஊராட்சியில் குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோய், காயில் கட்டுவதற்காகக் கீழே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து மாட்டியும் ஆயிற்று. கட்டிக் கொடுத்தவருக்குச் சேரவேண்டிய தொகைக்கான பில்லோ செயலரின் மேஜைமேல் ஒரு மிளகுப் பொட்டலத்தின் கீழே கிடந்ததை நானே பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். “தலைவர் போட்டுட்டாருங்க சார், துணைத் தலைவர் கையெழுத்துதான் வரணும்” என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, வெளியே கவிந்திருந்த மேகத்தைக் காட்டிச் சிரித்தார்.

இத்தகைய முட்டுக்கட்டை பெரிய நாடுகளிலும் நேருவதுண்டு. அமெரிக்காவில் ஜனாதிபதியும் காங்கிரஸும் பிணங்கிக்கொண்டு, 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் சர்க்காரின் ஒரு பகுதியையே அடைத்துப் போட்டார்கள். தவணை முடியும்வரை இருவரும் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். பாராளுமன்ற முறையில் முடிச்சு சுலபமாக அவிழும்: 1999 ஏப்ரல் 17-இல் ஒரே ஒரு வாக்குக் குறைந்ததற்காக வாஜ்பாய் இறங்கினார். ஜனங்கள் தேர்ந்த ஜனாதிபதியையும் பாராளுமன்றத்தின் நம்பிக்கையில் நிற்கும் பிரதமரையும் ஒரே வீட்டில் குடிவைத்த இலங்கையிலோ, 2018 அக்டோபர் 26-இல் ஜனாதிபதி சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவை நியமித்து, நவம்பர் 9-இல் பாராளுமன்றத்தையும் கலைத்தபோது, கலைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அங்கே முடிச்சை அவிழ்த்தது நீதிமன்றம்.

கொல்லிமலையில் முடிச்சை அவிழ்ப்பவர் யார் என்பதில்தான் என் சஞ்சலம் இருக்கிறது. ஊராட்சித் தலைவர்மேல் குற்றச்சாட்டு இருந்தால், 205-ஆம் பிரிவின்படி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட்டு ‘ஊராட்சிகளின் ஆய்வாளர்’ என்ற ஹோதாவில் இருக்கும் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம். கொடுக்காவிட்டாலும் அவர் தாமாகவே நடவடிக்கை தொடங்கலாம். தலைவரின் விளக்கம் திருப்தியளிக்காவிட்டால், வட்டாட்சியர் கூட்டம் கூட்டி உறுப்பினர்களின் அபிப்பிராயத்தைப் பதிவு செய்து அனுப்புவார். அந்த அபிப்பிராயம் வாக்கெடுப்பின் தீர்ப்பு அன்று, வெறும் அபிப்பிராயமே. அதைப் பரிசீலித்தபின் நீக்குவதோ விட்டுவிடுவதோ ஆட்சியரின் விருப்பம். நெருக்கடி அதிகாரம் வழங்கும் 203-ஆம் பிரிவைக் காட்டித் தலைவரின் கையெழுத்து அதிகாரத்தை நிறுத்திவைப்பதும் உண்டு. ஊரே ஓட்டுப் போட்டு ஒருவரை ஏற்றிவைக்க, ஒருவரும் ஓட்டுப் போடாத ஒருவர் அவரை இறக்கிவிடலாம் என்னும் இந்த ஏற்பாட்டை ‘அதிகாரப் பரவல்’ என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் துரோகம்.

காபந்து பற்றிய கேள்விக்கு வருகிறேன். அரசியல் சாசனத்தின் 243-E பிரிவு, ஊராட்சி ஐந்தாண்டுக்குமேல் ஒரு நாளும் நீடிக்கக் கூடாது என்கிறது. தவணை முடியுமுன் தேர்தலை நடத்தி முடித்துவிடவேண்டும் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. முதல் வாக்கியத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் சர்க்கார்களுக்கு இரண்டாம் வாக்கியம் வரும்போது மாத்திரம் கண் மங்கிவிடுகிறது. தேர்தல் இல்லையேல் வருபவர் சர்க்கார் நியமிக்கும் தனி அலுவலர். இது தற்காலிகம் என்பார்கள்; 2016 அக்டோபரில் வந்த தற்காலிகம் 2020 ஜனவரிவரை, மூன்று ஆண்டுகளுக்குமேல், நீடித்தது. இரண்டு சாவிகளும் ஒரே கையில் சேர்ந்துவிடுவதால், அந்தக் காலத்தில் பில்கள் விரைவாக நகரக்கூடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதுதான் அதன் ஆபத்தும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகவே பதில்.

மலைவாழ் மக்களுக்கென உள்ள 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கே செல்லுமா? செல்லாது, அது ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு உரியது, தமிழ்நாட்டில் அப்படியொரு பகுதி அறிவிக்கப்படவே இல்லை.

சட்டசபையில் தனித் தொகுதி? உண்டு, பழங்குடியினருக்கு மாநிலத்தில் இரண்டே, ஏற்காடும் சேந்தமங்கலமும்.

நமது பொருளாதாரம் முதலாளித்துவமா, சோஷலிசமா? ரேஷன் அரிசி சர்க்காருடையது, மரவள்ளியின் விலை கீழே சேகோ ஆலைக்காரருடையது. பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபை சுவிட்சர்லாந்தின் கிளாரஸில் மைதானத்தில் கூடிக் கையுயர்த்திச் சட்டம் செய்கிறார்களே, அது போன்றதா? அங்கே உயர்ந்த கை சட்டமாகிறது, இங்கே தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கமாகிறது.

ஆயினும் தலைவர் போனாலும் சபை போவதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினர், அதற்குத் தவணையும் கிடையாது. ஜனவரி 26-இல் அது கூடும்போது, தலைமை நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, வரவு செலவுச் சுருக்கமான படிவம் 30-ஐ உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்து முடிவதற்குள் எழுந்து போய்விடாதீர்கள்.